எண்ணிலிருந்து பெயருக்கு: டைட்டானிக் கப்பலின் ‘அறியப்படாத குழந்தை’ அடையாளம் காணப்பட்ட வரலாறும் முறையியலும்

ஆய்வுச் சுருக்கம்

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் வட அட்லாண்டிக் பெருங்கடலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலில் ஏறத்தாழ 1500 பேர் உயிரிழந்தனர். கடலிலிருந்து மீட்கப்பட்ட உடல்களுள் நான்காவதாக எண்ணிடப்பட்டது ஓர் ஆண் குழந்தையின் உடலாகும். அக்குழந்தை யாரென்று அறியப்படாமலேயே கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. 2002இல் அதற்கு ஒரு பெயர் சூட்டப்பட்டது. 2007இல் அப்பெயர் பிழையென்று கண்டறியப்பட்டு வேறொரு பெயர் நிறுவப்பட்டது. இவ்விரு முடிவுகளுக்கும் அடிப்படையாக அமைந்த பதிவேடு, பல், காலணி, இழைமணி டி.என்.ஏ. ஆகிய நால்வகைச் சான்றுகளின் ஆற்றலையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு சான்று பொருந்துவதனாலேயே அடையாளம் உறுதியாகிவிடாது என்பதும், பிறரை விலக்கும் ஆற்றலே சான்றின் மதிப்பை முடிவு செய்கிறது என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: டைட்டானிக், ஹாலிஃபாக்ஸ், தடயவியல், இழைமணி டி.என்.ஏ., பல்லியல், அடையாளம் காணல், கல்லறை அகழ்வு.

முன்னுரை

நிலத்தில் நிகழும் பேரிடரில் இறந்தோரை அடையாளம் காண இடம் துணைசெய்யும். இடிந்த வீட்டில் கிடைத்த உடல் அவ்வீட்டாருடையதாக இருக்கக்கூடும் என்ற ஊகத்திற்கு அங்கே இடமுண்டு. கடலில் நிகழும் பேரிடருக்கு அந்த வசதி இல்லை. நீரோட்டமும் காற்றும் உடல்களை இடம்பெயர்த்துவிடுகின்றன. குடும்பத்தினர் ஒருவரையொருவர் பிரிந்து மிதக்கின்றனர். அறிந்தோர் அனைவரும் ஒருங்கே இறந்துபோனால் உடலைப் பார்த்துப் பெயர் சொல்லவும் ஆளில்லை. கப்பலின் பயணியர் பட்டியல் ஒருபுறமும் மீட்கப்பட்ட உடல்கள் மறுபுறமுமாக நிற்க, இடையிலுள்ள தொடர்பை ஆய்வாளர்களே நிறுவ வேண்டியுள்ளது.

இத்தகைய பணியின் கடினத்தை உணர்த்தும் சான்றுகளுள் டைட்டானிக் கப்பலின் ‘அறியப்படாத குழந்தை’ குறிப்பிடத்தக்கது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அறிவியல் அக்குழந்தைக்கு ஒரு பெயர் தந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து அதே அறிவியல் அப்பெயரைத் திரும்பப் பெற்றது. முதல் முடிவு எவ்வாறு பிழையாயிற்று, இரண்டாம் முடிவு எவ்வாறு எட்டப்பட்டது என்பவற்றை ஆராய்வது, அடையாளம் காணும் முறையியலைப் புரிந்துகொள்ள வழிவகுக்கும்.

1. உடல்களை மீட்டலும் வகைப்படுத்தலும்

1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11.40 மணியளவில் பனிப்பாறையில் மோதிய டைட்டானிக், மறுநாள் அதிகாலை 2.20 மணியளவில் முழுவதும் மூழ்கியது. உயிர் பிழைத்தோரைக் கார்ப்பேத்தியா என்னும் கப்பல் நியூயார்க் நகருக்குக் கொண்டு சேர்த்தது. இறந்தோரை மீட்கும் பொறுப்பு, கடலடித் தந்திக் கம்பிகளைப் பழுதுபார்க்கும் மெக்கே-பென்னட் என்ற கப்பலிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒயிட் ஸ்டார் நிறுவனம் அக்கப்பலை வாடகைக்கு அமர்த்தியது. பனிக்கட்டி, சவப்பெட்டிகள், உடல் பதப்படுத்தும் பொருள்கள் ஆகியவற்றுடன் பதப்படுத்துநரையும் மதகுருவையும் ஏற்றிக்கொண்டு, ஏப்ரல் 17ஆம் நாள் அது ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது.

எதிர்பார்த்ததைவிட மிகுதியான உடல்கள் மிதந்தன. மெக்கே-பென்னட் கப்பலினர் 306 உடல்களை மீட்டனர். பதப்படுத்தும் பொருள்கள் போதாமையால் அவற்றுள் 116 உடல்கள் கடலிலேயே அடக்கம் செய்யப்பட்டன. எஞ்சிய 190 உடல்கள் ஏப்ரல் 30ஆம் நாள் ஹாலிஃபாக்ஸ் கொண்டுவரப்பட்டன. பின்னர் மினியா, மான்ட்மக்னி, அல்ஜெரைன் ஆகிய கப்பல்களும் மேலும் சில உடல்களை மீட்டன. இந்நான்கு கப்பல்களும் மீட்டவை மொத்தம் 328. அவற்றுள் 209 கரை சேர்ந்தன.

எந்த உடலைக் கடலுக்குத் திருப்பித் தருவது, எதைக் கரைக்குக் கொண்டு செல்வது என்ற தெரிவில் வகுப்பு வேறுபாடு செயல்பட்டது. செல்வந்தரின் உடல் கரை சேராவிடில் சொத்துரிமையிலும் காப்பீட்டிலும் வழக்குகள் எழும் என்பது அக்கப்பல் தலைவர் கூறிய காரணமாகும். முதல் வகுப்புப் பயணியரின் உடல்கள் சவப்பெட்டிகளில் வைக்கப்பட்டன; இரண்டாம், மூன்றாம் வகுப்பினரின் உடல்கள் கித்தான் துணியில் சுற்றப்பட்டன. இவ்வேறுபாடு அடையாளம் காணலையும் நேரடியாகப் பாதித்தது. செல்வரின் ஆடையில் பெயரின் முதலெழுத்துகள் தைக்கப்பட்டிருந்தன. அவரிடம் கடிகாரமும் மோதிரமும் கடிதங்களும் இருந்தன. மூன்றாம் வகுப்பில் பயணித்த ஏழைக் குடியேறியின் ஆடையில் அத்தகைய குறி ஏதும் இருப்பதரிது. ஆகவே, பெயரிழந்தோர் பட்டியலில் ஏழைகளே மிகுந்தனர்.

2. பார்ன்ஸ்டெட்டின் பதிவுமுறை

இத்தனை உடல்களையும் குழப்பமின்றிக் கையாள, நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலராக இருந்த ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட் ஒரு முறையை வகுத்தார். உடல் கடலிலிருந்து எடுக்கப்பட்டவுடனே அதற்கு ஓர் எண் வழங்கப்படும். அவ்வெண் எழுதிய கித்தான் துண்டு உடலில் கட்டப்படும். உடலில் இருந்த பொருள்கள் அதே எண்ணிட்ட சிறு பையில் இடப்படும். பதிவேட்டில் அவ்வெண்ணுக்கு நேராகப் பாலினம், மதிப்பிட்ட வயது, முடியின் நிறம், ஆடை, தழும்பு, பச்சைக்குத்து, பொருள்கள் ஆகியன எழுதப்படும்.

எளிமையாகத் தோன்றும் இம்முறையின் அடிப்படைக் கொள்கை ஆழமானது. பெயரை உடனே தேட வேண்டுவதில்லை. உடலுக்கும் பொருளுக்கும் விவரத்திற்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடாமல் காத்தால் போதும் என்பதே அது. அத்தொடர்பு காக்கப்பட்டால் உடலைப் புதைத்த பின்னரும், பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் பெயரைத் தேட இயலும். 1917 டிசம்பர் 6ஆம் நாள் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் நிகழ்ந்த பெருவெடிப்பில் ஏறத்தாழ 2000 பேர் இறந்தபோது, பார்ன்ஸ்டெட்டின் மகன் ஆர்தர் இதே முறையைக் கையாண்டார் என்பது அதன் பயன்பாட்டுக்குச் சான்றாகும்.

ஹாலிஃபாக்ஸ் நகரின் மேஃபிளவர் பனிவிளையாட்டுக் கூடம் தற்காலிகப் பிணவறையாக மாற்றப்பட்டது. உறவினர்கள் அங்கு வந்து உடல்களைக் கண்டனர். கரைக்கு வந்த 209 உடல்களுள் 59 உறவினர்களால் பெற்றுச் செல்லப்பட்டன. எஞ்சிய 150 உடல்கள் அந்நகரின் மூன்று கல்லறைத் தோட்டங்களில் அடக்கம் செய்யப்பட்டன: ஃபேர்வியூ லான் தோட்டத்தில் 121, கத்தோலிக்கரின் மவுண்ட் ஆலிவெட் தோட்டத்தில் 19, யூதரின் பாரன் டி ஹிர்ஷ் தோட்டத்தில் 10. பெயர் அறியப்படாதோரின் கற்களில் இறந்த நாளும் உடலின் எண்ணும் மட்டும் பொறிக்கப்பட்டன.

3. பொருட்சான்றின் ஆற்றலும் எல்லையும்

பதிவேட்டிலுள்ள பொருள்களின் துணைகொண்டே பலர் அடையாளம் காணப்பட்டனர். 124ஆம் எண் உடலின் கழுத்துப்பட்டையில் இருந்த பெயரின் முதலெழுத்துகள், அவர் பெருஞ்செல்வர் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்பதைக் காட்டின. 1991இல் ஆவணங்களை மீண்டும் ஆராய்ந்ததன் விளைவாக மேலும் ஆறு கல்லறைகளுக்குப் பெயர் கிடைத்தது. எந்த உடலும் தோண்டப்படாமல், பழைய பதிவேட்டை மட்டும் கொண்டே இது நிறைவேறியது.

எனினும், பொருட்சான்று தவறான வழியிலும் செலுத்தக்கூடும். 15ஆம் எண் உடல் ‘ஹாஃப்மன்’ என்ற பெயருடையவரதாகக் கருதப்பட்டு, அப்பெயரின் காரணமாக யூதக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவரோ உண்மையில் மிஷெல் நவ்ராட்டில் என்னும் கத்தோலிக்கர். மனைவியிடமிருந்து தம் இரு மகன்களை மறைவாக அழைத்துச் செல்லும்பொருட்டுப் புனைபெயரில் பயணச்சீட்டுப் பெற்றிருந்தார். சிறுவர் இருவரும் உயிர் பிழைத்தனர். நாளிதழில் வெளிவந்த படத்தின் வழியே அவர்களைத் தாய் அடையாளம் கண்டார். பயணியர் பட்டியலில் உள்ள பெயரே உண்மைப் பெயர் என்ற நம்பிக்கை இங்குப் பொய்த்துப் போயிற்று.

ஊகமும் பிழைக்கு இடந்தரும். 227ஆம் எண் கல்லறையில் ‘ஜே. டாசன்’ என்ற பெயர் உள்ளது. கப்பலில் நிலக்கரி சுமந்த தொழிலாளியான ஜோசப் டாசன் அங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளார். அவருடைய தொழிற்சங்க அட்டை அவரைக் காட்டிக்கொடுத்தது. 1997இல் வெளிவந்த திரைப்படத்தின் கற்பனைத் தலைவன் ஜாக் டாசனின் கல்லறை அதுவென்று கருதி மலர் வைத்தோர் பலர். பெயரொற்றுமை ஒன்றே அடையாளமாகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

4. நான்காம் எண் உடல்

ஏப்ரல் 21ஆம் நாள் மெக்கே-பென்னட் கப்பலினர் ஓர் ஆண் குழந்தையின் உடலைக் கண்டெடுத்தனர். பதிவேட்டின்படி அதன் வயது ஏறத்தாழ இரண்டு, முடி வெளிர்நிறம். கழுத்திலும் கைமுனையிலும் மென்மயிர் வைத்துத் தைத்த சாம்பல்நிற மேலங்கி, பழுப்புநிற அங்கி, உள்ளாடைகள், இளஞ்சிவப்புக் கம்பளிச் சட்டை, பழுப்புநிறக் காலணியும் காலுறையும் அணிந்திருந்தது. அடையாளக்குறி ஏதுமில்லை. மூன்றாம் வகுப்பாக இருக்கலாம் என்ற குறிப்பும் காணப்படுகிறது.

அக்குழந்தையைப் பெற்றுச்செல்ல எவரும் வரவில்லை. கப்பலின் மாலுமிகள் அடக்கச் செலவையும் கல்லறைக் கல்லின் செலவையும் ஏற்றுக்கொண்டனர். மே 4ஆம் நாள் புனித ஜார்ஜ் ஆலயத்தில் வழிபாடு நடந்தது. மாலுமிகளே பெட்டியைச் சுமந்து சென்றனர். ‘எங்கள் குழந்தை’ என்று பொருள்படும் சொற்கள் பொறித்த செப்புப் பதக்கமொன்று பெட்டிக்குள் வைக்கப்பட்டது. கல்லில் அறியப்படாத குழந்தை ஒன்றின் நினைவாக எழுப்பப்பட்டதென்று பொறிக்கப்பட்டது. பரிவினால் வைக்கப்பட்ட அச்செப்புப் பதக்கம் பிற்காலத்தில் அறிவியற் சான்றைக் காக்கும் கருவியாகும் என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

நெடுங்காலம் அக்குழந்தை சுவீடன் நாட்டைச் சேர்ந்த இரண்டு வயதுச் சிறுவன் கோஸ்டா லெனார்ட் போல்சன் என்று கருதப்பட்டது. அவனுடைய தாய் அல்மா போல்சன், தம் நான்கு குழந்தைகளுடன் கப்பலில் சென்று ஐவருமாக உயிரிழந்தவர். அவருடைய உடல் 206ஆம் எண்ணாக மீட்கப்பட்டு, தற்செயலாக அக்குழந்தையின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தது. தாயருகே சேய் துயில்கிறது என்ற எண்ணம் மக்கள் மனத்திற்கு ஆறுதலளித்தது. ஆனால், ஆறுதல் தருவதனால் ஒரு கருத்து உண்மையாகிவிடுவதில்லை.

5. கல்லறை அகழ்வு

லேக்ஹெட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரயன் பார், ஹாலிஃபாக்ஸ் நகரின் வரலாற்றாய்வாளர் ஆலன் ரஃப்மன் ஆகியோர் பங்கேற்ற ஆய்வுக்குழு, 2001ஆம் ஆண்டு மே மாதம் ஃபேர்வியூ லான் தோட்டத்தில் மூன்று கல்லறைகளைத் திறந்தது. மண்ணின் ஈரமும் அமிலத்தன்மையும் உடல்களைச் சிதைத்திருந்தன. இரண்டு கல்லறைகளில் ஆய்வுக்குரிய எச்சம் கிடைக்கவில்லை. குழந்தையின் கல்லறையில் ஏறத்தாழ 6 செ.மீ. நீளமுள்ள கையெலும்புத் துண்டொன்றும் மூன்று பற்களும் மட்டும் எஞ்சியிருந்தன. செப்புப் பதக்கத்தின் அருகாமையே அவ்வெலும்பு அழியாமைக்குக் காரணமாகக் கருதப்படுகிறது. செம்பிலிருந்து கசியும் உப்புகள் எலும்பைச் சிதைக்கும் நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் இயல்புடையன.

6. இழைமணி டி.என்.ஏ.: ஏன், எவ்வாறு?

உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. ஒருவரை ஏனையோரிடமிருந்து தெளிவாகப் பிரித்துக் காட்டவல்லது. ஆயினும், ஓர் உயிரணுவில் அதன் படிகள் இரண்டே உள்ளன. தொண்ணூறு ஆண்டுகள் ஈரமண்ணில் கிடந்த எலும்பில் அது சிதையாமல் கிடைப்பது அரிது. உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியில் ஈடுபடும் இழைமணிகளுக்குத் தனியே ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. அதன் நீளம் 16,569 கார இணைகள். ஓர் உயிரணுவில் அதன் படிகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் இருத்தலால், பெரும்பகுதி அழிந்தாலும் சில எஞ்சும் வாய்ப்பு மிகுதி.

இழைமணி டி.என்.ஏ. தாய்வழியாக மட்டுமே கடத்தப்படுகிறது. தாயிடமிருந்து மகனும் மகளும் பெறுகின்றனர். ஆனால், மகள் வழியாக மட்டுமே அது அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. ஆகவே, இறந்த குழந்தையின் தாயுடைய உடன்பிறந்த சகோதரியின் மகள், அவளுடைய மகள் என்று தாய்க்கொடி அறுபடாமல் தொடர்ந்தால், இன்று வாழும் உறவினரின் குருதியிலும் அதே வரிசையைக் காணலாம். டைட்டானிக்கில் இறந்த ஆண் குழந்தைகளின் தாய்வழி உறவினரைப் பல நாடுகளில் குடும்ப வரலாற்று ஆவணங்களின் துணையுடன் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆய்வகப் பணிக்கு ஒப்பான உழைப்பை இத்தேடல் வேண்டியது.

இம்முறைக்கு ஓர் உள்ளார்ந்த எல்லையும் உண்டு. ஒரே தாய்வழியில் வந்தோர் அனைவரும் ஒரே வரிசையைக் கொண்டிருப்பர். தொல்பழங்காலத்தில் பிரிந்துபோன, ஒருவரையொருவர் அறியாத குடும்பங்களும் ஒரே வரிசையைக் கொண்டிருக்கக்கூடும். எனவே, இரு வரிசைகள் தெளிவாக வேறுபட்டால் உறவில்லை என்று கூறிவிடலாம். ஒத்திருந்தால் உறவிருக்கக்கூடும் என்று மட்டுமே கூற இயலும்.

7. முதல் முடிவு (2002)

ஆய்வாளர் இழைமணி டி.என்.ஏ.வின் மிகைமாறுபாட்டு முதற்பகுதி என்னும் சிறு பகுதியை முதலில் ஆராய்ந்தனர். மாற்றங்கள் விரைவாக நிகழும் பகுதியாதலின் குடும்பங்களை வேறுபடுத்த அது ஏற்றது. கோஸ்டா போல்சனின் தாய்வழி வரிசை பொருந்தவில்லை. தாயருகே சேய் என்ற நெடுநாள் நம்பிக்கை இதனால் வீழ்ந்தது. பிற குழந்தைகளும் ஒவ்வொருவராக விலக்கப்பட, இறுதியில் இருவர் எஞ்சினர்: பின்லாந்து நாட்டைச் சேர்ந்த 13 மாதக் குழந்தை எய்னோ வில்யாமி பனுலா, இங்கிலாந்தைச் சேர்ந்த 19 மாதக் குழந்தை சிட்னி லெஸ்லி குட்வின். இவ்விரு குடும்பங்களின் வரிசையும் அப்பகுதியில் ஒன்றாகவே இருந்தது.

இவ்விருவருள் ஒருவரைத் தெரிவுசெய்யப் பல்லியல் சான்று கையாளப்பட்டது. குழந்தையின் பற்கள் குறிப்பிட்ட ஒழுங்கில் வளர்வன. அவற்றின் வளர்ச்சி நிலையைக்கொண்டு வயதை மதிப்பிடலாம். எஞ்சிய பற்கள் 9 முதல் 15 மாதம் வரையிலான வயதைக் காட்டுவதாகக் கணிக்கப்பட்டது. அதன்படி 13 மாதக் குழந்தையே பொருந்தியது. 2002 நவம்பரில் அறியப்படாத குழந்தை எய்னோ பனுலா என்று அறிவிக்கப்பட்டது.

எய்னோவின் தாய் மரியா பனுலா ஐந்து மகன்களுடன் அமெரிக்காவிலிருந்த கணவரிடம் சென்றுகொண்டிருந்தவர். அறுவரும் இறந்தனர். அக்குடும்பத்தாருக்கு முதன்முறையாக ஒரு கல்லறை கிடைத்ததாக அப்போது கருதப்பட்டது.

8. எரிக்கப்படாத காலணிகள்

1912இல் இறந்தோரின் ஆடைகள், நினைவுப்பொருள் தேடுவோர் கையில் சிக்காமலிருக்க எரிக்கப்பட்டன. உடல்களுக்குக் காவலிருந்த ஹாலிஃபாக்ஸ் காவல்துறைச் சார்ஜெண்ட் கிளாரன்ஸ் நார்த்தோவர், சிறு தோற்காலணி இணையொன்றை நெருப்பிலிட மனம் வராமல் தம் மேசையில் வைத்திருந்தார். 1918இல் பணி ஓய்வு பெற்றபோது அதனை வீட்டிற்கு எடுத்துச் சென்றார். 2002இல் அவருடைய பேரன் அக்காலணிகளை அட்லாண்டிக் கடல்சார் அருங்காட்சியகத்திற்கு வழங்கினார்.

அக்காலணிகள் 13 மாதக் குழந்தையின் காலுக்கு மிகப் பெரியனவாக இருந்தன. அவை நான்காம் எண் குழந்தையுடையனவென்றால் அக்குழந்தை எய்னோவாக இருத்தல் அரிது. இங்கே இரண்டு சான்றுகள் முரண்பட்டன. பற்கள் ஓராண்டையொட்டிய வயதைக் கூறின. காலணிகள் அதனினும் கூடிய வயதைக் கூறின. காலணிகளின் சான்றும் குறையற்றதன்று. அவை அக்குழந்தையுடையன என்பதற்குக் குடும்ப மரபாக வந்த செய்தியும், பழுப்புநிறக் காலணி என்ற பதிவேட்டுக் குறிப்புமே ஆதாரங்கள். ஏழைக் குடும்பங்களில் மூத்த குழந்தையின் காலணியை இளைய குழந்தை அணிவதும் இயல்பே. ஆகவே, காலணிகளால் முடிவை மாற்ற இயலவில்லை. முடிவை மீண்டும் ஆராய வேண்டும் என்ற தேவையை மட்டுமே அவை உருவாக்கின. அதுவே அவற்றின் பெரும்பயன்.

9. மறு ஆய்வும் இரண்டாம் முடிவும் (2007)

மறு ஆய்வில் அமெரிக்கப் படைத்துறையின் டி.என்.ஏ. அடையாள ஆய்வகம் பங்கேற்றது. போரில் மாண்ட வீரர்களின் எச்சங்களை அடையாளம் காண்பதில் தேர்ந்த ஆய்வகம் அது. முதலாய்வில் பார்க்கப்படாத மிகைமாறுபாட்டு இரண்டாம் பகுதி இம்முறை ஆராயப்பட்டது. அதில் குழந்தையின் வரிசைக்கும் பனுலா குடும்ப வரிசைக்கும் இடையே ஒரேயோர் இடத்தில் வேறுபாடு தெரிந்தது.

ஓரிட வேறுபாடு மட்டுமே ஒருவரை விலக்கப் போதுமானதன்று. அப்பகுதி விரைந்து மாறும் இயல்புடையதாதலால், இடைப்பட்ட தலைமுறைகளில் அம்மாற்றம் நேர்ந்திருக்கவும் கூடும். எனவே, மெதுவாக மாறும் இயல்புடைய, புரதங்கள் முதலியவற்றிற்கான செய்தியைத் தாங்கும் குறிப்பகுதியை ஆய்வாளர் நாடினர். அங்கும் பனுலா குடும்பத்திலிருந்து வேறுபாடும் குட்வின் குடும்பத்தோடு ஒற்றுமையும் புலப்பட்டன. தனித்தனியே வலுக்குறைந்த இவ்வேறுபாடுகள் ஒருங்கு சேர்ந்தபோது பனுலா என்ற முடிவு நிலைக்கவில்லை. 2007 ஜூலை இறுதியில் குழந்தை சிட்னி லெஸ்லி குட்வின் என்று அறிவிக்கப்பட்டது. 2011இல் வெளியான ஆய்வுக்கட்டுரை இம்முறையை விரிவாக விளக்கியது. அக்கட்டுரையும் முற்றுறுதி என்று கூறாமல், சிட்னியாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்ற அளவில் நின்றது.

1910 செப்டம்பர் 9ஆம் நாள் பிறந்த சிட்னி, பிரடெரிக் - அகஸ்டா இணையரின் ஆறு குழந்தைகளுள் கடைக்குட்டி. நியூயார்க் மாநிலத்தின் நயாகரா நீர்வீழ்ச்சி நகருக்குக் குடிபெயரப் புறப்பட்ட அக்குடும்பம், நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தினால் வேறு கப்பலிலிருந்து டைட்டானிக்கிற்கு மாற்றப்பட்டது. எண்மரும் இறந்தனர். அவர்களுள் அடையாளம் காணப்பட்ட உடல் சிட்னியுடையது மட்டுமே.

முதல் முடிவு பிழையானதற்குரிய காரணம் இப்போது தெளிவாகிறது. டி.என்.ஏ. ஆய்வில் பிழையேதும் இல்லை. அது இருவரையும் சமமாகவே சுட்டியது. அறிவிக்கப்பட்ட முடிவின் முழுச்சுமையையும் மூன்று பற்கள் தாங்கின. பல் வளர்ச்சி குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். ஊட்டமும் உடல்நிலையும் அதனைப் பாதிக்கும். 1912இல் கண்ணால் கண்டு மதிப்பிட்ட வயது இரண்டாண்டு. 2002இல் பற்களால் மதிப்பிட்ட வயது ஓராண்டையொட்டியது. உண்மை வயதாகிய 19 மாதம் இவ்விரண்டிற்கும் இடையில் அமைந்தது. டி.என்.ஏ. என்ற சொல்லுக்குரிய நம்பகத்தன்மை, அதனால் தீர்க்கப்படாத வினாவிற்கும் ஏற்றப்பட்டதே பிழையின் வேர்.

10. ஒப்பீட்டுச் சான்றுகள்

பிற கப்பல்களின் வரலாறும் இக்கருத்தை வலுப்படுத்துகிறது. 1628இல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கிய வாசா என்ற சுவீடன் நாட்டுப் போர்க்கப்பல் 1961இல் மேலே கொண்டுவரப்பட்டது. அதில் கிடைத்த எலும்புக்கூடுகளுக்குப் பெயர் தெரியாமையால் எழுத்துகள் இடப்பட்டன. ‘ஜி’ என்ற எழுத்திட்ட எலும்புக்கூடு நெடுங்காலம் ஆணுடையதாகக் கருதப்பட்டது. அதே அமெரிக்கப் படைத்துறை ஆய்வகமும் உப்சாலா பல்கலைக்கழகமும் பங்கேற்ற ஆய்வின் முடிவாக, அது பெண்ணுடையதென்று 2023இல் அறிவிக்கப்பட்டது. பெயர் காண்பதற்கு முந்தைய படியாகிய பாலினமே பிழைபடக் கருதப்பட்டிருந்தது.

1862 டிசம்பர் 31ஆம் நாள் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பலான மானிட்டரின் பீரங்கிக் கூண்டு 2002இல் மீட்கப்பட்டபோது, அதனுள் இருவரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. இறந்தோர் 16 பேர் மட்டுமே, பெயர்ப்பட்டியலும் இருந்தது. மண்டையோட்டிலிருந்து முகங்கள் மீட்டுருவாக்கப்பட்டன. இருந்தும் அடையாளம் உறுதிப்படவில்லை. 2013 மார்ச் 8ஆம் நாள் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் பெயரறியாதோராகவே அடக்கம் செய்யப்பட்டனர். போதிய சான்றில்லாதபோது பெயரிடாமல் விடுவதும் ஆய்வு நேர்மையே என்பதை இது காட்டுகிறது.

11. அறநிலை வினாக்கள்

கல்லறையைத் திறப்பது எளிதில் மேற்கொள்ளத்தக்க செயலன்று. ஆய்வு எலும்பையும் பல்லையும் அரைத்துத் தூளாக்கிச் சாற்றெடுப்பதைச் சார்ந்தது. எஞ்சியிருப்பது சிறிதாயின் ஒவ்வோர் ஆய்வும் அதனை மேலும் குறைக்கும். மூன்று கல்லறைகளுள் இரண்டில் ஏதும் கிடைக்காமை, எல்லாக் கல்லறைகளையும் திறப்பதால் எல்லாப் பெயர்களும் கிடைத்துவிடா என்பதற்குச் சான்று.

பிழையான பெயருக்கும் விலையுண்டு. பனுலா குடும்பத்தாருக்கு ஒரு குழந்தை கிடைத்து ஐந்தாண்டுகளில் மீண்டும் இழக்கப்பட்டது. போல்சன் குடும்பத்தாரிடமிருந்து தாயும் சேயும் அருகருகே உள்ளனர் என்ற ஆறுதல் நீங்கியது. ஆகவே, அடையாளத்தை அறிவிக்கும் ஆய்வாளர், முடிவை மட்டுமன்றி அதன் உறுதிப்பாட்டின் அளவையும் உறவினருக்குத் தெரிவித்தல் கடமையாகிறது.

2008 ஆகஸ்ட் மாதம் குட்வின் குடும்பத்தினர் அக்கல்லறையின்முன் நினைவு வழிபாடு நடத்தினர். கப்பலில் இறந்த குழந்தைகளின் பெயர்கள் படிக்கப்பட்டு, ஒவ்வொரு பெயருக்கும் மணியொலிக்கப்பட்டது. மாலுமிகள் எழுப்பிய கல் அகற்றப்படவில்லை. அக்கப்பலில் இறந்த குழந்தைகள் அனைவருக்குமான நினைவுச்சின்னமாக அது நிலைக்கட்டும் என்று குடும்பத்தினர் கருதினர்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

பெயரறியாதோரை அடையாளம் காணும் பணி, உடல் மீட்கப்படும் முதல் நாளிலேயே தொடங்குகிறது. உடல், பொருள், விவரம் ஆகியவற்றின் தொடர்பைக் காத்த பார்ன்ஸ்டெட்டின் பதிவேடு இல்லையேல், பிற்கால டி.என்.ஏ. ஆய்விற்கு வினாவே எழுந்திராது.

பொருத்தம் வேறு, அடையாளம் வேறு. ஒரு சான்று ஒருவரோடு பொருந்துகிறதா என்பதோடு, ஏனையோரை விலக்குகிறதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். 2002இன் முடிவில் முதல் வினாவிற்கு விடை இருந்தது; இரண்டாம் வினாவிற்கு விடை முழுமையடையவில்லை.

முரண்படும் சான்றைப் புறந்தள்ளாமல் மறு ஆய்விற்கு வாயிலாகக் கொள்ளுதல் அறிவியலின் நன்னெறி. தாம் முன்னர் அறிவித்த முடிவைத் தாமே திருத்தி வெளியிட்டமை அவ்வாய்வாளர்க்குப் பெருமையே.

மாலுமிகள் வைத்த செப்புப் பதக்கமும், காவலர் ஒருவர் எரிக்க மனமின்றிக் காத்த காலணிகளும் இவ்வாய்விற்குத் துணைநின்றன. இரண்டுமே அறிவியல் நோக்கில் செய்யப்பட்டவை அல்ல. பெயரறியாக் குழந்தை ஒன்றின்பால் கொண்ட இரக்கத்தால் செய்யப்பட்டவை. ஹாலிஃபாக்ஸ் கல்லறைத் தோட்டங்களில் எண்களை மட்டும் தாங்கி நிற்கும் கற்கள் இன்றும் நாற்பதுக்கு மேல் உள்ளன.